சுனையைத் திறக்க வேண்டியவர்

யிலாரி
மார்ச் 4

ரோண்டா எழுதுகிறாள். நான் வேலமரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். காதில் விழுவதை அவள் எழுதிக்கொள்கிறாள். ஆலிஸில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தம்பி மகள் ரோண்டா சொன்னதாக எடுத்துக்கொள்ளட்டும். நான் நேரே பேசியதாக ஆகிவிடக் கூடாது. மருமகனுக்கு மாமியாரின் முகம் கிடையாது, குரல் கிடையாது, பெயரும் கிடையாது. ஐம்பது வருஷமாக அதைக் காத்து வருகிறேன். நடுவில் சொல் கொண்டுபோக ஒருத்தி இருந்தாள், அவர்கள் பெற்ற மகள், என் மனைவி. இப்போது அவளையும் குமன்ஜயி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. செத்தவர்கள் எல்லாருக்கும் பொதுவான அந்தப் பெயர் அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

அவள் போனதிலிருந்து சுனைப் பக்கம் யாரும் போகவில்லை. அவள் படுத்த இடம், சமைத்த இடம், தண்ணீர் மொண்ட இடம் எல்லாம் சாவு வழக்கப்படி மூடியிருக்கிறது. நாங்கள் மலைக்கு இந்தப் பக்கம் தகரம் சாய்த்து உட்கார்ந்திருக்கிறோம். மழை ஓய்ந்துவிட்டது. ஆனால் சுனைக்கு மேலே பாறை குடைபோல நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதன் அடியில் மழை விழாது. அங்கே மணலில் அவளுடைய காலடிகள் அப்படியே இருக்கின்றன. தூரத்தில் நின்று பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

சொல்ல வந்தது இது. டேரன் ஆள் அனுப்பியிருக்கிறான். குளிர் வரப்போகிறது, சனி ஞாயிறு சுற்றுலாப் பேருந்தை மறுபடி விடுகிறானாம். அவனுடைய விளம்பரத் தாளில் இருப்பது சுனையின் படம்தான். பயணிகள் அங்கே ஒரு ராத்திரி தங்கத்தான் வருகிறார்கள். போன வருஷம்வரை அவளும் நானும் அவர்களைக் கூட்டிப்போனோம். இந்த வருஷம் சுனை மூடியிருக்கிறது என்றேன். எப்போது திறக்கும் என்று கேட்டனுப்பியிருக்கிறான், ஏதோ கடையைக் கேட்பதுபோல.

பேருந்து வராவிட்டால் ரோட்டைச் சமன்செய்ய அவனுடைய வண்டி வராது. ரோடு போனால் ரோண்டாவின் மருத்துவக் கார் வராது. இந்தப் பக்கம் இருமிக்கொண்டிருக்கிற கிழங்களையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுனை ஆலிஸில் இருப்பவர்களுடைய தாய்வழி நிலம். புகை போட்டுத் திறக்க உரிமை உள்ளவர்களில் மிச்சம் இருப்பது அவர்கள் ஒருவர்தான். என்ன செய்யலாம் என்று ஒரு சொல் வந்தால் போதும்.

லெஃப்டி ஜம்பிஜின்பா


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
மார்ச் 15

ரோண்டா, அந்தப் பக்கத்து ஆள் காதில் விழும்படி இதைச் சத்தமாகப் படி. நடுநடுவே விட்டுவிட்டுப் படிக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

தாள் இருந்தால் மாமியாரிடம் எதையும் கேட்கலாம் என்று யார் சொல்லிக்கொடுத்தது? சரி, கேட்டாயிற்று. பதிலும் வாங்கிக்கொள்ளட்டும்.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் என்னை இந்த இயந்திரத்தில் கட்டிப்போடுகிறார்கள். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய்க் கழுவிக்கொண்டு இன்னொரு குழாயில் உள்ளே வருகிறது. அறை முழுக்கக் குளிர். எதிரே தொலைக்காட்சியில் யாரோ எப்போதும் கேக் செய்துகொண்டிருக்கிறார்கள். என் மகளை மண்ணுக்குள் இறக்கியபோதும் நான் இங்கேதான் இருந்தேன். வெள்ளம் ரோட்டை அறுத்திருந்தது. போனால் திரும்பி வர முடியாது என்று என்னை விடவில்லை. பெற்றவள் இல்லாமல் புதைத்தார்கள். அதை அந்த ஆள் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. பேருந்தைப் பற்றிச் சொல்கிறார்.

காய்ச்சலோடு இருந்தவளைப் பயணிகளுக்குக் கங்காரு வால் சுட வைத்தது யார்? டேரனுடைய பேருந்து ஞாயிறு திரும்பி வந்ததே, அதில் அவளை ஏற்றி அனுப்பியிருந்தால் இங்கே என் பக்கத்து நாற்காலியிலாவது உட்கார்ந்திருப்பாள்.

சுனையில் யாரும் கால் வைக்கக் கூடாது. வெள்ளைக்காரன் பூட்ஸும் கூடாது, நம்முடைய வெறுங்காலும் கூடாது. நான் வருவேன். பச்சைக் கிளையை என் கையால் ஒடிப்பேன். அதுவரை மூடித்தான் இருக்கும். எப்படி வருவேன் என்று கேட்காதே. ஆஸ்பத்திரிக் காரை நோய்க்குத்தான் கொடுப்பார்களாம், துக்கத்துக்குக் கொடுக்க மாட்டார்களாம்.

நப்புருலா


யிலாரி
ஏப்ரல் 9

ரோண்டா போன கடிதத்தை விடாமல் படித்தாள். முடித்ததும் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவள் யாருக்கும் டீ போடுகிறவள் இல்லை.

காய்ச்சலைப் பற்றி. ஞாயிறு காலை நான் பேருந்தின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஏறு"ன்னேன். "நீ வால கருக்கிருவ, நான் போனா இவங்க பட்டினி கெடப்பாங்க, அடுத்த வாரம் போறேன்"னாள். அவளை யாரால் ஏற்ற முடியும்? அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் வேலமரத்தைத்தான் கேட்க முடியும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். டேரன் பேருந்தை விட்டுவிட்டான். பெரிய ரோடு பிரிகிற இடத்தில் நான் ஏறிக்கொண்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால் கிழக்கே வேறு குடும்பத்தோடு பேசிக்கொள்வான், ரோடும் அங்கே திரும்பிவிடும். அவன் கெட்டவனாக இருந்தால் வைதுவிட்டுப் போயிருப்பேன். கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை.

சுனைக்குக் கூட்டிப்போகவில்லை. பழைய பண்ணையின் மாட்டுத் தொட்டிக்குக் கூட்டிப்போனேன். இருபது பேர் தொப்பியும் ஈ வலையும் போட்டுக்கொண்டு தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. சிறு வயதில் அந்தத் தொட்டிக்கு நான் கல் சுமந்தேன், கூலியாக மாவும் சர்க்கரையும் கொடுத்தார்கள், மாடு வந்த பிறகு ஊற்றெல்லாம் சேறானது, எல்லாம் சொன்னேன். ஒரு அம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள், இது புனிதமான இடமா என்று. "மாட்டுக்கு"ன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. பேருந்து கிளம்பியதும் டேரன் முன்னால் இருந்த திரையில் ஒரு வீடியோ போட்டான். அதில் அவள். போன வருஷத்து நீலச் சட்டையோடு சுனைக்கரையில் உட்கார்ந்து வேர்ப்புழு தோண்டுவதைக் காட்டுகிறாள், சிரிக்கிறாள், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். செத்தவளின் முகம், செத்தவளின் குரல், மூடிய கதவுக்குள் என் எதிரே. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே போவேன்? சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். குரல் சட்டைக்குள்ளும் வந்தது. கதவைத் தட்டினேன். நிறுத்தினான். இறங்கி நடந்தேன்.

டேரன் பின்னாலேயே ஓடிவந்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "அவங்க ஞாபகமா வெச்சிருக்கேன் பெரியவரே. இறந்தவங்க படம் வரும்னு மொதல்லயே எழுத்துல எச்சரிக்கை போட்டிருக்கேனே"ன்னான். எழுத்தைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமாம். மூடச் சொல்லி எழுதியிருக்கிறது என்று யார் எனக்குப் படித்துச் சொல்வது?

நடந்தே போய்த் தொட்டியில் சேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கதவு என் பின்னால் மூடும். மே மாதத்தோடு தொட்டிக் கதை போதும், கூட்டம் முறையிடுகிறது, சுனைக்குத் தானே கூட்டிப்போய்விடுவதாக டேரன் சொல்கிறான். மரியாதையாகத்தான் சொன்னான். பாறைக்கடியில் இன்னும் காலடிகள் இருக்கின்றன.

லெஃப்டி


ஆலிஸ்
ஏப்ரல் 18

ரோண்டா, இதை மெதுவாகப் படி.

கடிதம் வந்தது புதன்கிழமை. ஊசி கையில் இருந்தது, எழுந்து போக முடியவில்லை. நாள் முழுக்க அந்தத் திரையை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். வியாழன் காலையில் தெருவைத் தாண்டிப் போனேன். டேரனின் ஆபீஸ் எங்கள் சிறுநீரக வீட்டுக்கு எதிர்வரிசையில்தான் இருக்கிறது. பேருந்து ஓடுகிற மாதங்களில் சனிக்கிழமை தோறும் ஜன்னலில் இருந்து அந்த வண்டியையும் தொப்பிகளையும் பார்த்திருக்கிறேன். என் மகள் முகத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி என்று தெரியாது.

"நான் அவ அம்மா"ன்னேன். அவன் எழுந்து நின்றான். அந்தப் படத்தை எடு என்று சொன்னேன். எடுத்துவிட்டான். என் கண்முன்னால் அழித்தான். அழுதான். அந்த ஆள் ஓடினார், நடந்தார், சட்டைக்குள் ஒளிந்தார். எடு என்று ஒரு வார்த்தை சொன்னாரா? கேட்டுச் சொல்.

அங்கே நின்றபோதுதான் சுவரில் நேர அட்டவணையைப் பார்த்தேன். சனி காலை கிளம்புகிறது, ஞாயிறு இரவு திரும்புகிறது. வெள்ளிக்கிழமை இயந்திரத்துக்கும் திங்கட்கிழமை இயந்திரத்துக்கும் நடுவில் அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. என் சொந்த நிலத்துக்குப் போக இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே வண்டி சுற்றுலாப் பயணிகளின் வண்டி.

இருக்கை கேட்டேன். டேரனுக்கு ஒரே சந்தோஷம். தொப்பி கொடுத்தான். தண்ணீர்ப் புட்டி கொடுத்தான். உடம்புக்கு ஏதாவது ஆனால் அவன் பொறுப்பில்லை என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். பழங்குடிப் பண்பாட்டை அனுபவிக்க வருகிறேன் என்று அந்த ஆளிடம் சொல். மே பத்தாம் தேதி வாரம்.

நப்புருலா


யிலாரி
ஏப்ரல் 27

ரோண்டா சிரிப்பை நிறுத்திய பிறகு எழுத ஆரம்பித்திருக்கிறாள்.

சந்தோஷம். திறக்கக் கை வருகிறது. ஆனால் அந்தப் பேருந்தில் வழிகாட்டி நான். முன் இருக்கையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் பார்த்துப் பேசுகிறவன் நான். அந்தப் பெட்டிக்குள் இரண்டு பேரும் எப்படி இருப்பது? நான் ஏறாவிட்டால் வழிகாட்டி இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்கிறான் டேரன். கூரை மேல் உட்கார்ந்து வருகிறேன் என்றேன். காப்பீடு ஒத்துக்கொள்ளாதாம்.

யோசித்து வைத்திருக்கிறேன். நான் ஏறப்போவதில்லை. ரோடு பிரிகிற இடத்தில் மேட்டுமேல் முதுகைக் காட்டி நிற்பேன். வண்டி என்னைத் தாண்டட்டும். பிறகு ரோண்டாவின் காரில் பின்னால் வருவேன், டேரனும் அதற்குச் சரி என்றுவிட்டான். தொட்டியில் எல்லாரையும் இறக்கியதும் நிலத்துக்கு உரியவர்களும் ரோண்டாவும் மட்டும் சுனைக்குப் போகட்டும். அதன் பிறகுதான் நான் தொட்டிக்கு வருவேன். பயணிகளை இருட்டும்வரை பிடித்து வைப்பது என் பொறுப்பு. மாட்டைப் பற்றி எனக்கு இன்னும் நிறையத் தெரியும்.

'எடு' என்று ஏன் சொல்லவில்லை என்று கேள்வி. சொல்ல வாயைத் திறந்தால் அவள் குரல் நின்றுவிடும். அதையும் எழுது ரோண்டா.

இன்னொன்று. பத்து வயதில் ரேஷன் முகாமில் ஒரு பெண் உடும்புக் குழியில் கையை விட்டுக்கொண்டு எல்லாரையும் கூப்பிட்டுக் கத்துவாள். என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். ஒருநாள் காலை பெரியவர்கள் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். அவளுக்குப் பிறக்கப்போகிற மகள் உனக்கு, இனி அந்தப் பக்கம் பார்க்காதே என்றார்கள். அன்று திரும்பிய முதுகுதான் இது. மரியாதைக் குறைவு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

லெஃப்டி


ஆலிஸ்
மே 14

ரோண்டா, நீ கூடவே இருந்தாய். ஆனாலும் படி. அவர் இருந்தது பாறைக்கு மறுபக்கம்.

பேருந்தில் என் பக்கத்தில் மெல்பர்னில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை. இதுதான் முதல் தடவையா என்று கேட்டாள். "பஸ்ஸுல மொதல் தடவ"ன்னேன். வழியில் நின்றபோது என்னிடம் காமிராவைக் கொடுத்து அவர்களை எல்லாம் படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக்கொடுத்தேன். ரோடு பிரிகிற இடத்தில் மேட்டின் மேல் ஒரு முதுகு நின்றது. நான் தொப்பியை இறக்கிக்கொண்டேன். "ஏன் அவரு நம்மளப் பாக்க மாட்டேங்கிறாரு"ன்னு ஆசிரியை கேட்டாள். "எனக்கு மரியாதை குடுக்குறாரு"ன்னேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

சுனை. அதை நான் எழுதப்போவதில்லை. காலடிகளை மட்டும் எழுதுகிறேன். பாறைக்கடியில் இருந்தன. இடதுகால் சுண்டுவிரல் வெளியே தள்ளி, குழந்தையில் நடந்த மாதிரியே. தண்ணீருக்குப் போயிருக்கிறாள், திரும்பியிருக்கிறாள், ஓரிடத்தில் நின்றிருக்கிறாள். அங்கே குதிகால் ஆழமாக இருந்தது. உடம்பு முடியாமல் நின்றிருக்கிறாள். அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கிளையை எடுத்தேன். புகை போட்டேன். கூட்டினேன். கடைசிக் காலடியைக் கூட்டும்போது கை நின்றுவிட்டது. நீதான் ரோண்டா என் கையைப் பிடித்து இழுத்தாய். புதைக்கும்போது இல்லாமல் போனவளுக்கு அது ஒன்றாவது கிடைத்தது.

ஞாயிறு மதியம் வண்டி ஒலி எழுப்பியது. நான் எழவில்லை. அங்கே வெயில் முதுகில் விழுந்தது, தண்ணீர் வாசனை வந்தது. இங்கே வந்தால் நாற்காலி. திங்கட்கிழமை இயந்திரத்துக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஒரு வாரம், பத்து நாள். போதும் என்றிருந்தது. நீ கெஞ்சினாய். டேரன் வந்து மண்டியிட்டான். ஆசிரியையும் ஏதோ சொன்னாள். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பாறைக்கு மறுபக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. தன் நாயிடம் பேசியது.

"டேய் நாயே, இங்கயே படுத்துக்கலாம்னு பாக்குறியா? படுத்துக்கோ. நல்ல எடந்தான். ஆனா நீ இங்க செத்தேன்னா, இப்பத் தெறந்த தண்ணிய மறுபடி மூடணும். மூடுனா தெறக்க யாரு இருக்கா? நீ ஒருத்திதான் இருந்த. அப்பறம் இந்தச் சுனை எப்பவுமே மூடித்தான். எந்திரி. வண்டி நிக்குது."

ஆண் நாயை 'ஒருத்தி' என்று கூப்பிட்டதை நான் கவனித்தேன். நாய் எழுந்து போய்ப் பேருந்தில் ஏறிவிட்டது. என்ன செய்வது? நானும் பின்னாலேயே போனேன்.

ஐம்பது வருஷம் கழித்து ஒரு சொல் வந்தது. என் நிலத்தை விட்டு என்னை எழுப்புவதற்கு வந்தது. அவர் சொன்னது சரி. சரியாக இருப்பதால் கோபம் குறையவில்லை என்று சொல்.

நப்புருலா


யிலாரி
ஜூன் 3

இப்போது பயணிகள் சுனையில் தங்குகிறார்கள். பாறைக்கடியில் போக வேண்டாம் என்றால் போவதில்லை. நல்ல ஜனங்கள். ரோடு சமமாகிவிட்டது, தட்டுப்போல இருக்கிறது. கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஊசி போட நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள் என்றும், இயந்திரத்தில் இருப்பவர்கள் அதற்கு ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும் ரோண்டாவுக்கு அங்கிருந்து தகவல் வந்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள் என்றதும்தான் பயமாக இருந்தது. அவர்கள் சொல்லாமல் விட்டதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

நாயிடம் சொன்னதைப் பற்றி யோசித்தேன். தண்ணீருக்காகச் சொன்னேன், ரோட்டுக்காகச் சொன்னேன், இருமுகிற கிழங்களுக்காகச் சொன்னேன். ஒரு மனுஷியைப் பிடித்து மறுபடி குழாயில் கட்டிவிட்டேன் என்பது வண்டியின் புழுதி அடங்கிய பிறகுதான் உறைத்தது. சனிக்கிழமை தோறும் அந்த மணலில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் போர்வை விரித்துத் தூங்குகிறார்கள். உரியவர்களால் தூங்க முடியவில்லை.

அதனால் இதைச் சொல்கிறேன். ரோண்டா எழுத மாட்டேன் என்றாள், எழுது என்றேன். வரட்டும். தங்கட்டும். வெயில் முதுகில் விழட்டும். போகிற நாளில் போகட்டும். சுனை மூடினால் மூடட்டும். டேரனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், இந்தத் தடவை வாயைத் திறந்து. ரோடு போனால் போகிறது. முன்னால் நாங்கள் ரோடு இல்லாமல்தான் பிறந்தோம்.

மலைக்கு இந்தப் பக்கம் நான் இருப்பேன். அந்தப் பக்கம் தலை திருப்ப மாட்டேன். விறகு மட்டும் ரோண்டா கொண்டுவந்து வைப்பாள். நாய் இனி வாயைத் திறக்காது.

லெஃப்டி


ஆலிஸ்
ஜூன் 12

ரோண்டா, இதைப் படிக்கும்போது அவர் வேலமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருக்கட்டும். நீயும் அவர் முகத்தைப் பார்க்காதே.

கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு இயந்திரத்தில் உட்கார்ந்தேன். நான்கு தடவை படித்தேன். தங்கட்டும் என்று சொன்னதே போதும். அந்தச் சொல் எனக்குத் தேவைப்பட்டது. நான் தங்கப்போவதில்லை.

என் மகளின் காலடியை என் கையால் கூட்டித் திறந்த தண்ணீர் அது. அதை என் சாவைக் கொண்டுபோய் மூட மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. உடம்பு ஏறவிடும்வரை சனிக்கிழமைகளில் வருவேன். தொப்பி போட்டுக்கொள்வேன், ஆசிரியைகளுக்குப் படம் எடுத்துக்கொடுப்பேன், ஞாயிறு மதியம் முதல் ஆளாக வண்டியில் ஏறிவிடுவேன். மேட்டின் மேல் அந்த முதுகு நிற்கட்டும். தூரத்தில் இருந்து அதைப் பார்த்தால்தான் நம் எல்லை வந்துவிட்டது என்று தெரிகிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல். நான் போன பிறகு அந்தப் பக்கம் யாரும் சாகக் கூடாது. திறக்க ஆள் கிடையாது. அவருக்கும் சேர்த்துத்தான். இருமல் அதிகமானால் அவரைக் காரில் ஏற்று, முரண்டுபிடித்தால் நாயிடம் சொல்லி ஏற்று. இங்கே கொண்டுவா. பக்கத்து அறையில் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நடுவில் சுவர் இருக்கிறது, மரியாதைக்குக் குறைவில்லை.

என் முறை வரும்போது நான் இந்த அறையில் சாவேன். அப்போது நம் வழக்கப்படி அவர்கள் எதை மூட வேண்டும் என்று யோசித்தேன். இந்த நாற்காலியை, இந்தக் குளிரை, கேக் செய்கிற அந்தத் தொலைக்காட்சியை, இந்த இயந்திரத்தை. நர்ஸிடம் சொன்னேன், அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நன்றாக மூடட்டும். திறக்க யாரும் வர வேண்டாம்.

நப்புருலா